‘‘சும்மாதான்மா இருந்தேன்!’’ - பெங்களூரு ஐ.டி பிள்ளைகளின் சனி, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மடிவாளாவில் நின்று பார்த்தால், பெங்களூரில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்களோ என்று சந்தேகம் வந்துவிடும். சேலம், மதுரை, கோவை, திருநெல்வேலி, நாகர்கோவில் என ஆம்னி பஸ்கள் சாலையோரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். முதுகில் லேப்டாப் பையோடு ‘‘அண்ணா, பஸ் எங்க வந்துட்டிருக்கு?’’ என்று போனில் டிரைவரை விரட்டும் குரல்கள். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வந்துவிட்டால் போதும், பாதி வீடு வந்த மாதிரி.

ஆனால், எல்லா வெள்ளிக்கிழமையும் பஸ் ஏற முடியாது. டிக்கெட் செலவு ஒரு பக்கம். திங்கட்கிழமை விடிகாலை சில்க் போர்டு நெரிசலில் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் லேப்டாப்பைத் திறக்க வேண்டிய கொடுமை இன்னொரு பக்கம். பெரும்பாலான பிள்ளைகள் மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவதே அதிகம். மீதி மூன்று வாரங்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டிலிருந்து போன் போகும்போது கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘‘லீவு நாள்ல என்னப்பா பண்ணினே?’’ ‘‘சும்மாதான்மா இருந்தேன்.’’

இந்த ‘சும்மா’வுக்குள் ஒரு பெரிய ஊரே இருக்கிறது.

முதல் ஆறு மாதங்களுக்கு அது நிஜமாகவே சும்மாதான். சேலம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மூன்று வருடங்களுக்கு முன்பு வொயிட்ஃபீல்டுக்கு வந்த ஒரு டெவலப்பரின் கதை இது. பெயர் வேண்டாம் என்கிறார். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, மூடாத ஜன்னல் கொண்ட பி.ஜி அறை. அறைத் தோழருக்கு நைட் ஷிஃப்ட். இவருடைய டீமில் ஒருவர் புனேயில், இருவர் ஹைதராபாத்தில், மேனேஜர் அமெரிக்காவில். வாரத்தில் இரண்டு நாள்தான் ஆபீஸ். அங்கே போனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ மீட்டிங்கில்தான் உட்கார வேண்டும். சனிக்கிழமை காலையில் எழுந்தால், திங்கட்கிழமை வரை அவர் வாய் திறந்து பேசுவது சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி பையனிடமும், பி.ஜி வாட்ச்மேனிடமும் மட்டும்தான்.

ஊரில் தெரு இருந்தது, ஸ்கூல் இருந்தது, காலேஜ் ஹாஸ்டல் இருந்தது. நண்பர்கள் தானாகக் கிடைத்தார்கள். இருபத்துமூன்று வயதில் முதல்முறையாக, நண்பர்களைத் தேடிக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அது எப்படி என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. ‘நல்ல சம்பளம், ஏ.சி ஆபீஸ், இவனுக்கு என்ன குறை?’ என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லவும் முடியாது.

அவர் முதலில் தேடிப் போனது, மீட்டப்.

சமோசாவும் ‘லைட்னிங் டாக்’கும்

ஒரே கம்ப்யூட்டர் மொழியிலோ, ஒரே தொழில்நுட்பத்திலோ வேலை செய்பவர்கள், கம்பெனி பேதம் பார்க்காமல் ஒன்றுகூடுவதுதான் மீட்டப். பெங்களூருக்கு இது புதிதல்ல. லினக்ஸ் ஆர்வலர்கள் 2001-லேயே ‘லினக்ஸ் பெங்களூர்’ என்று மாநாடு நடத்திய ஊர் இது. அதுதான் பிறகு ‘ஃபாஸ் டாட் இன்’ என்று பெயர் மாறி 2012 வரை நடந்தது. பைத்தான் மொழிக்காரர்களின் ‘பைகான் இந்தியா’ மாநாடு 2009-ல் முதன்முதலாக நடந்ததும் இங்கே, இந்திய அறிவியல் கழகத்தில்தான். 2024-ல் நிம்ஹான்ஸ் வளாகத்தின் கன்வென்ஷன் சென்டரில் ‘இந்தியா ஃபாஸ்’ நடந்தபோது, திறந்தமூல மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவிந்தார்கள்.

இதெல்லாம் பெரிய திருவிழாக்கள். மாதாந்திர மீட்டப் என்பது நம்ம ஊர் பிரதோஷம் மாதிரி. சனிக்கிழமை காலை, ஏதாவது ஒரு கம்பெனி தன் ஆபீஸில் இடம் கொடுக்கும். கேட்டில் அடையாள அட்டை காட்டி, லேப்டாப் நம்பரை நோட்டில் எழுதி, சட்டையில் ‘விசிட்டர்’ ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பேச வந்தவரின் லேப்டாப்புக்கும் புரொஜெக்டருக்கும் ஒயர் பொருந்தாது. அதில் பத்து நிமிடம் போகும். பிறகு பேச்சு. நடுவே ‘லைட்னிங் டாக்’ என்று, யார் வேண்டுமானாலும் மேடையேறி ஐந்தே நிமிடத்தில் ஒரு விஷயம் சொல்லலாம். ஐந்து நிமிடம் முடிந்தால் கைதட்டியே இறக்கிவிடுவார்கள். கடைசி ஸ்லைடில் ‘எங்கள் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறோம்’ என்று தவறாமல் வரும். இடம் கொடுத்த கம்பெனி அதற்காகத்தானே சமோசா வாங்கித் தருகிறது!

பேச்சைவிட முக்கியம், சமோசா நேரம். முதல்நாள் ராத்திரி இரண்டு மணி வரை தன்னை அழவைத்த ஒரு ‘பக்’கைப் பற்றி ஒருவர் புலம்ப, ‘அட, எனக்கும் இதே கதைதான்’ என்று முன்பின் தெரியாத இன்னொருவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே போகலாம்.

ஆனால், நம் சேலத்துக்காரர் ஆறு மாதத்தில் ஆறு வெவ்வேறு மீட்டப்களுக்குப் போனார். லேப்டாப் மூடி முழுக்க கலர் கலராக ஸ்டிக்கர் சேர்ந்தது. நண்பர் ஒருவர்கூடச் சேரவில்லை. ‘எந்த கம்பெனி? எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்?’ என்று கேட்டு, லிங்க்டுஇன் க்யூ.ஆர் கோடை மாற்றிக்கொண்டால் அதோடு சரி. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் ஜாதகம் மாற்றிக்கொள்வது போன்ற விவகாரம். மறுநாள் யாருக்கும் யார் முகமும் நினைவிருக்காது.

விஷயம் மாறியது, அவர் ஊர் சுற்றுவதை நிறுத்திவிட்டு ஒரே குழுவுக்கு மாதாமாதம் போகத் தொடங்கியபோது. ஒரு மாதம் காய்ச்சலால் போக முடியவில்லை. அடுத்த மாதம் போனதும் ஒருவர் கேட்டார், ‘‘போன மாசம் வரலையே, என்னாச்சு?’’ பெங்களூர் வந்து ஒரு வருடம் கழித்து, அவர் வராததை ஒருவர் கவனித்திருக்கிறார்! அன்றைக்கே நாற்காலி போடுகிற வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டார். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இது நல்ல உபாயம். வெறும் கையோடு கூட்டத்தில் நிற்பதுதான் கஷ்டம். கையில் ஒரு நாற்காலியோ, மைக்கோ இருந்தால் நமக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது என்றாகிவிடும். நாலு பேர் வந்து பேசியே ஆக வேண்டும். நம் ஊர்க் கல்யாணங்களில் பந்தி பரிமாறுகிற பையன்களுக்கு மட்டும் எல்லாரையும் தெரிந்திருப்பதன் ரகசியமும் இதுதானே?

பேசக் கூடாத கூட்டம்

அந்த நாற்காலி நட்பு அவரைக் கூட்டிக்கொண்டு போன அடுத்த இடம், கப்பன் பூங்கா.

2023 அக்டோபரில் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் வொயிட்ஃபீல்டு வரை இடைவெளி இல்லாமல் ஓடத் தொடங்கியது, இந்தப் பிள்ளைகளின் வாரக்கடைசியையே மாற்றிவிட்டது. அதுவரை வொயிட்ஃபீல்டிலிருந்து நகரின் மையத்துக்கு வருவதென்றால், ஊருக்கே போய்விடலாம் போல இருக்கும். இப்போது உட்கார இடம் கிடைத்தால் ஒரு தூக்கம் போட்டு, ‘கப்பன் பார்க்’ ஸ்டேஷனில் எழுந்து இறங்கிவிடலாம்.

மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி 1870-ல் அமைத்த பூங்கா இது. ஆக, ஒரு இன்ஜினீயர் போட்டுவைத்த நிழலில்தான் இன்றைய இன்ஜினீயர்கள் இளைப்பாறுகிறார்கள்! முதலில் மீட் என்ற அதிகாரியின் பெயரில் இருந்தது, பிறகு கமிஷனர் மார்க் கப்பன் பெயருக்கு மாறியது. 1927-ல் சாமராஜேந்திர பூங்கா என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாற்றிய பிறகும், ஆட்டோக்காரரிலிருந்து அமைச்சர் வரை எல்லோருக்கும் அது கப்பன் பார்க்தான். உள்ளே போனால் மூங்கில் புதர்கள், பிரமாண்டமான மரங்கள், பேண்டு வாத்திய மேடை, ஒரு பக்கம் சிவப்பு நிறத்தில் உயர் நீதிமன்றம், இன்னொரு பக்கம் அதே சிவப்பில் மாநில மத்திய நூலகம்.

இங்கேதான் சனிக்கிழமை காலைகளில் ‘கப்பன் ரீட்ஸ்’ கூடுகிறது. 2023 தொடங்கிய சமயத்தில் இரண்டு நண்பர்கள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்ததில் ஆரம்பித்தது. இதன் விதி ஒன்றே ஒன்று. பாய் விரித்து, புத்தகத்தை எடுத்து, சத்தமில்லாமல் படிக்க வேண்டும். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, தலைவர் உரை கிடையாது. படித்து முடித்த பிறகு அவரவர் புத்தகத்தை வைத்து ஒரு போட்டோ. அவ்வளவுதான். இது இன்று வெளிநாடுகள் உட்பட எத்தனையோ நகரங்களுக்குப் பரவிவிட்டது.

‘வீட்டிலேயே படிக்க வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். சேலத்துக்காரரும் அப்படித்தான் கேட்டாராம். ஜெயகாந்தன் சிறுகதைத் தொகுப்பு ஒன்றோடு போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி கன்னட நாவல் படிக்கிறார். எதிரே ஒரு காலேஜ் பெண் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறார். நாய் ஒன்று எல்லோர் பாயையும் முகர்ந்துவிட்டுப் போகிறது. பத்து மணிக்கு மேல் வெயில் நகர நகர, எல்லோரும் பாயை இழுத்துக்கொண்டு நிழலோடு நகர்கிறார்கள். எந்த கம்பெனி என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளம்பும்போது பக்கத்து பாய்க்காரர் கேட்டது, ‘அது என்ன மொழிப் புத்தகம்?’ என்றுதான். அங்கிருந்துதான் பேச்சு ஆரம்பித்தது.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. கூட்டம் சேரச் சேர, அதே பூங்காவில் விதவிதமான நிகழ்ச்சிகளுக்குப் போட்டி வந்துவிட்டது. டிக்கெட் போட்டு ஆள் சேர்ப்பவர்களும் வந்தார்கள். குப்பை சேருகிறது, செடிகள் மிதிபடுகின்றன என்று தோட்டக்கலைத் துறை கெடுபிடி காட்டியது. துறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால், இந்த ஊரில் காசு கொடுக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார வேறு எத்தனை இடங்கள் இருக்கின்றன? கோரமங்களாவிலோ இந்திரா நகரிலோ ஒரு கஃபேயில் நண்பருக்காகக் காத்திருந்தால், காபிக்கே 300 ரூபாய் ஆகிவிடும். காபி தீர்ந்ததும் சர்வர் மேசையைத் துடைக்கத் தொடங்குவார். டிக்கெட் வசூலிப்பவரையும், புத்தகத்தோடு வந்து சும்மா உட்காருபவரையும் ஒரே தராசில் நிறுத்தாமல் இருந்தால் நல்லது.

பூங்காவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சர்ச் ஸ்ட்ரீட். பழைய புத்தகம் தேடுபவர்களின் காசி இது. ஷான்பாக் என்ற புத்தகப் பிரியர் நடத்திய ‘பிரீமியர்’ கடை 2009-ல் மூடப்பட்டபோது ஊரே வருத்தப்பட்டது. இன்றைக்கு ‘புக்வோர்ம்’, ‘பிளாசம்’ கடைகளில் தரையிலிருந்து கூரை வரை புத்தகம். பிளாசம் கடையைத் தொடங்கிய மாயி கௌடா, இன்ஜினீயரிங் படித்தவர். படிக்கிற காலத்தில் எம்.ஜி ரோடு பிளாட்பாரத்தில் புத்தகம் விற்றவர், அப்படியே புத்தகக்காரர் ஆகிவிட்டார். வேலையை விட்டுவிட்டு விவசாயம் பார்க்கப் போகிறேன் என்று ஸ்டேட்டஸ் மட்டும் போடுகிற டெவலப்பர்கள் இந்தக் கடையில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பதைப் பார்க்கலாம்.

‘ஊட்டா ஆய்த்தா?’

‘கன்னட கொத்தில்ல’, அதாவது கன்னடம் தெரியாது. பெங்களூர் வந்த எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிற கன்னடம் இதுதான். பல பேருக்குக் கடைசிக் கன்னடமும் இதுதான் என்பது வருத்தமான விஷயம். ஆட்டோவில் இந்தி, ஆபீஸில் ஆங்கிலம், அறையில் தமிழ் என்று வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். மொழிச் சண்டை வரும்போது மட்டும் ‘நாம் இந்த ஊருக்கு யார்?’ என்று பயம் வரும்.

சேலத்துக்காரருக்கு வகுப்புக்குப் போகாமலே கன்னடம் வந்தது. பூங்காவில் பழகிய ஹாசன் பக்கத்து நண்பர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் ‘‘ஊட்டா ஆய்த்தா?’’ என்பார். ‘சாப்பாடு ஆச்சா?’ என்று அர்த்தம். அம்மா போனில் கேட்கும் அதே கேள்வி! இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டுமா என்ன? அந்த நண்பர்தான் அவரை ஜே.பி நகரிலுள்ள ரங்கசங்கராவுக்கு இழுத்துப்போனார்.

‘மால்குடி டேஸ்’ தொடரை இயக்கியவரும் கன்னட நடிகருமான சங்கர் நாக் 1990-ல் கார் விபத்தில் இறந்துபோனார். அவர் கண்ட கனவை மனைவி அருந்ததி நாக் விடாப்பிடியாக நிறைவேற்றியதில் 2004-ல் எழுந்த நாடக அரங்கு அது. திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் நாடகம் நடக்கும் இடம். வாசலில் இருக்கும் சிற்றுண்டிக் கடையின் ஜவ்வரிசி வடைக்குத் தனி ரசிகர் கூட்டம். முதல் நாடகத்தில் பாதி வசனம் புரியவில்லை. மூன்றாவது நாடகத்தில் மற்றவர்கள் சிரிக்கும்போது இவரும் சிரித்தார். அதன் பிறகு காய்கறிக் கடையில் வாய் தானாகத் திறந்தது.

பெங்களூரில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. நூலகமும் உண்டு. அதே ஏரிப் பக்கத்தில்தான் 1991-ல் வைக்கப்பட்டு, 18 ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இன்றைய இருபத்தைந்து வயதுக்காரர்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். இந்தக் கதை தெரியாமலே பலரும் அந்த வழியாக ஜாகிங் போகிறார்கள்.

ஜாகிங் என்றதும் சைக்கிள்காரர்களையும் சொல்லிவிட வேண்டும். சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நந்தி மலைக்கு விடியும் முன்பே கிளம்பி, 1,478 மீட்டர் உயரத்துக்கு மிதித்தே ஏறும் கூட்டம் இது. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால், கிலோமீட்டர், இதயத்துடிப்பு, போன வாரத்தைவிட எத்தனை நொடி குறைவு என்று எல்லாவற்றையும் ஆப்பில் ஏற்றி ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால், அதுவும் இன்னொரு அப்ரைசல் ஆகிவிடாதா?

பொழுதுபோக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதுமில்லை. ‘ஆன்-கால்’ வாரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் முழுக்க, கம்பெனி சர்வர் படுத்துவிட்டால் எங்கிருந்தாலும் எழுந்து சரிசெய்ய வேண்டும். கப்பன் பூங்கா புல்தரையில் புத்தகத்துக்குப் பதில் லேப்டாப்பை விரித்து, போன் ஹாட்ஸ்பாட்டில் வியர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் பார்க்கலாம். பெண்களுக்கோ வேறு கணக்கு. ராத்திரி பத்து மணிக்குக் கதவு பூட்டும் பி.ஜி-க்கள், இருட்டிய பிறகு ஆட்டோ பேரம். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கும் மீட்டப் ஒரு பெண்ணுக்குப் பாதி மூடிய கதவு மாதிரிதான். காலை நேரத்தில், திறந்த வெளியில் நடக்கும் கூட்டங்களில் பெண்கள் அதிகம் தென்படுவது தற்செயல் இல்லை. மீட்டப் நடத்துகிறவர்கள் மேடைக்கு யாரை அழைப்பது என்று யோசிப்பதில் பாதியளவு, எத்தனை மணிக்கு முடிப்பது என்றும் யோசிக்கலாம்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு, சேலத்துக்காரரின் அப்பா மகனைப் பார்க்க வந்திருந்தார். மகன் அவரை மாலுக்குக் கூட்டிப்போகாமல் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுப்பி லால்பாக்குக்குக் கூட்டிப்போனார். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, பைனாகுலரோடு பறவை பார்க்கக் கூடும் பழக்கம் அங்கே 1970-களில் தொடங்கியது. அதாவது, ஐ.டி என்ற சொல்லே இந்த ஊருக்கு வராத காலம். நரைத்த தலைகளும், லேப்டாப் பை போட்டுப் பழகிய கூன் முதுகுகளும் ஒன்றாக அண்ணாந்து நிற்கின்றன. ஏரிக்கரையில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கிறது. மரத்துக்குள் எங்கோ ‘டொக்... டொக்...’ என்று தகரம் தட்டுவது போல ஒரு சத்தம். எல்லோரும் கிளை கிளையாகத் தேடிக்கொண்டிருக்க, பைனாகுலர் இல்லாத அப்பா கையை நீட்டி, ‘‘அதோ, அந்தப் பட்ட கொம்புல’’ என்றார். செம்மார்புக் குக்குறுவான். வாழ்நாள் பூராவும் தோப்பில் கேட்ட சத்தமாயிற்றே! அதன் பிறகு அவரைச் சுற்றித்தான் கூட்டம். கன்னடத்தில் கேட்டவர்களுக்குத் தமிழில் பதில் சொன்னார், இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டார்கள்.

அங்கிருந்து பசவனகுடி காந்தி பஜாருக்கு ஆட்டோ. 1943-லிருந்து இருக்கும் வித்யார்த்தி பவனில் இடம் பிடிக்க முக்கால் மணி நேரம் காத்திருப்பு. ஒரே கையில் தட்டுக்கு மேல் தட்டாக தோசைகளை அடுக்கிக்கொண்டு சர்வர் நடந்துவருவதை அப்பா சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘இவனுங்க எல்லாம் உன்கூட வேல பாக்கறவங்களாப்பா?’’ என்று மேசையைச் சுற்றியிருந்த நான்கு பேரைக் காட்டிக் கேட்டார். ஒருவர்கூட இல்லை. ஒருவர் நாற்காலி போட்டபோது பழகியவர், இருவர் பாய் விரித்தபோது பழகியவர்கள், நான்காவது ஆள் ‘ஊட்டா ஆய்த்தா’க்காரர். அவர்தான் அப்பா தட்டில் இரண்டாவது தோசையை வைத்தார்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி: கப்பன் பூங்காவுக்கு அதே பெயரில் மெட்ரோ ஸ்டேஷன் உண்டு. சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு எம்.ஜி ரோடு, அல்சூர் ஏரிக்கு ஹலசூரு, இவை எல்லாம் பர்ப்பிள் லைன். லால்பாக் மட்டும் கிரீன் லைன், மெஜஸ்டிக்கில் மாற வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் தங்கியிருந்தால், 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய யெல்லோ லைனில் ஆர்.வி ரோடு வந்து கிரீன் லைனைப் பிடிக்கலாம். பூங்காவுக்குப் போனால் பாய் எடுத்துச் செல்லுங்கள், காலையில் புல் ஈரமாக இருக்கும். ரங்கசங்கராவுக்கு மட்டும் நேரத்தோடு போய்விடுங்கள். நாடகம் தொடங்கிவிட்டால் யாருக்காகவும் கதவைத் திறக்க மாட்டார்கள்.